வலது பக்கத்துச் சைலன்சர்

14 ஜூன் 2025, சனி

பெட்ரோல் போட்ட தேதியும் ஆயில் மாற்றிய தேதியும் குறிக்கத்தான் இந்த நோட்டை வாங்கினேன். ஆறு பக்கம்கூட ஓடவில்லை, சொந்தக் கதை உள்ளே வந்துவிட்டது. வரட்டும். நாற்பத்தைந்து வயதில் க்ரூஸர் பைக் வாங்கிய கெமிஸ்ட்ரி வாத்தியார் அதைப் பற்றி வேறு யாரிடம் இவ்வளவு பேச முடியும்?

இன்றைய விஷயம் சைலன்சர். வண்டி வாங்கி ஒன்பது மாதம். அறுநூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். வாங்கிய புதிதில் அடிவயிற்றில் அதிர்கிற ஒரு சத்தம் இருந்தது. இப்போது இல்லை. அதிலும் வலது பக்கம் சுத்தமாக அடங்கிப் போயிருக்கிறது. கம்பெனி சைலன்சரே அப்படித்தான், வெளியில் விற்கிறதை வாங்கி மாட்டினால்தான் வண்டி வண்டி மாதிரி இருக்கும் என்கிறான் சூர்யபிரகாஷ்.

சூர்யா எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் மாடியில் குடியிருக்கிறான். வந்து ஒரு வருடம் ஆகிறது. முப்பது, முப்பத்தொன்று இருக்கும். சென்னையில் ஏதோ கம்பெனி, வேலை வீட்டிலிருந்தே. வண்டிப் பைத்தியம். இன்று மட்டும் எட்டு வீடியோ அனுப்பியிருக்கிறான்.

மனைவி ஷெரினிடம் காட்டினேன். "இருக்கிறது நல்லாத்தான இருக்கு? அம்புட்டுச் சத்தம் எதுக்குங்க?" என்றாள். அதோடு டிவி சத்தத்தையும் குறைக்கச் சொன்னாள்.

ஜெனிஷாவிடமும் கேட்டேன். ப்ளஸ் டூ வந்த பிறகு அவளிடம் எதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. "வேணாம்ப்பா. வண்டியில போறப்பதான் உங்ககிட்டப் பேசவே நேரம் கிடைக்குது" என்றாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

18 ஜூன், புதன்

ஜெனிஷாவை கே.கே. நகர் ட்யூஷனில் விட்டேன். வழியெல்லாம் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பை இடது பக்கம் தொங்குவதால் எப்போதும் என் வலது தோளில்தான் சாய்ந்து பேசுவாள். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் விளங்கவில்லை. "ம்... சரிம்மா" என்றேன். இறங்கியபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. ஃபிஸிக்ஸ் டெஸ்ட் இருக்குமோ?

22 ஜூன், ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் கோரிப்பாளையம். சேக் இஸ்மாயில் பாயின் ஒர்க்‌ஷாப். சூர்யாவும் கூட வந்தான்.

பாய் மூன்று ஜோடியை எடுத்து வரிசையாக வைத்தார். குட்டையாகத் தடியாக ஒன்று. பின் சக்கரம் வரை நீண்டு போகிற ஒன்று. முனையைச் சாய்வாகச் சீவிவிட்ட ஒன்று. மூன்றையும் மாட்டி மாட்டிக் காட்டுவதற்குள் மதியம் ஆகிவிட்டது. பாய்க்குப் பொறுமை அதிகம்.

எனக்கு நீளமானது பிடித்திருந்தது. கண்ணுக்கும் அழகு. சூர்யா தலையை ஆட்டினான். "அது பூனை மாதிரி வரும்ணே. உங்க வண்டிக்கு அது வேணாம். தெருமுனையில திரும்புறப்பவே அண்ணன் வாரார்னு தெரியணும்ல?" கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் குட்டையானதை எடுத்தேன்.

அதற்குள் சத்தத்தை மட்டுப்படுத்த ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதையும் கழற்றிவிடலாம் என்றான் சூர்யா. பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "அது கிடக்கட்டும் சார். கழட்டுனா போலீஸ்காரய்ங்களும் புடிப்பாய்ங்க, தெருக்காரய்ங்களும் புடிப்பாய்ங்க."

வீட்டுக்கு வரும்போது இடது பக்கம் நன்றாக உறுமியது. வலது பக்கம்? பழைய கதைதான். புதுசு, இரண்டு நாள் ஓடினால் சரியாகும்.

25 ஜூன், புதன்

ட்யூஷன் போகும்போது ஜெனிஷா என் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். முன்னெல்லாம் பிடிக்கவே மாட்டாள். புதுச் சத்தம் பயமாக இருக்கிறதோ? இன்றும் ஏதோ சொன்னாள். "சரி சரி" என்றேன்.

29 ஜூன், ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. எழுதி வைத்துவிடுவது நல்லது.

சூர்யாவும் நானும் அவரவர் வண்டியில் திருவாதவூர் வரை போனோம். வண்டி வெட்டவெளியில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவன் யோசனை. ஒத்தக்கடை தாண்டியதும் ஆள் நடமாட்டம் இல்லை. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே அனல்.

திருவாதவூருக்குக் கொஞ்சம் முன்னால், ஆடு ஒன்று குறுக்கே வருகிறதென்று வண்டியை வலது பக்கம் ஒடித்தேன். கைப்பிடியை உரசிக்கொண்டு ஒரு லாரி போனது. செங்கல் லாரி. பின்னாலிருந்து வந்திருக்கிறது. அது வருவது எனக்குத் தெரியவே தெரியாது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தியபடி போனான், அதுகூட வாயசைவுதான்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். சூர்யா வந்தான். "அண்ணே, அம்புட்டு ஹார்ன் அடிச்சானே! உங்களுக்குக் கேக்கலையா?"

"வண்டிச் சத்தத்துல கேக்கலடா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைச் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா" என்றான்.

ஷெரினிடம் லாரி விஷயத்தைச் சொல்லவில்லை.

2 ஜூலை, புதன்

சூர்யா சொன்னபடி உள் குழாயைக் கழற்றியாகிவிட்டது. அவனே ஸ்பேனர் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துக் கழற்றினான். ஸ்டார்ட் செய்ததும் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது.

இடது பக்கம் இடி. வலது பக்கம் போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. வலது சைலன்சரில் ஏதோ குறை இருக்கிறது. பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்து மாற்ற வேண்டும்.

9 ஜூலை, புதன்

வகுப்பில் ஒரு சங்கடம். ஜன்னலோர வரிசை - எனக்கு வலது பக்கம் - ஒரு பையன் எழுந்து நின்று சந்தேகம் கேட்டிருக்கிறான். நான் பாட்டுக்குப் போர்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். மொத்த வகுப்பும் சிரித்த பிறகுதான் திரும்பினேன். சத்தம் போட்டு அத்தனை பேரையும் நிற்க வைத்தேன்.

மேடையிலிருந்து இறங்கும்போது லேசாகத் தள்ளாடியது. பிரஷராக இருக்கலாம். நாற்பத்தைந்து ஆகிறதே.

14 ஜூலை, திங்கள்

ஜெனிஷாவை அடித்துவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு சூர்யா வந்தான். ஷெரின் டீ கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான். "சொல்லலாமா வேணாமான்னு தெரியலண்ணே. நம்ம பாப்பாவ ட்யூஷன் நேரத்துல லைப்ரரி பக்கம் பாத்தேன். ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை."

ட்யூஷன் சாருக்குப் போன் போட்டேன். "வைரல் ஃபீவர்னு சொன்னாளே சார்? இன்னியோட பன்னெண்டு கிளாஸ் வரலையே" என்றார். நான் தினமும் அந்த வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறேன். ஏழு மணிக்கு அதே வாசலில் வந்து நிற்பாள், ஏற்றி வந்திருக்கிறேன். பன்னிரண்டு நாள்!

இன்று ஷெரின்தான் போய்க் கூட்டி வந்தாள். உள்ளே நுழைந்தவள் சூர்யாவைப் பார்த்ததும் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"எங்கடி போற தினமும்?"

"லைப்ரரிக்கு."

"யாரக் கேட்டுப் போன?"

"உங்களக் கேட்டுத்தாம்ப்பா. சொன்னேன்ல. மூணு தடவ சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"வண்டியில. சரின்னு சொன்னீங்க."

"என்னன்னு சொன்ன? இப்பச் சொல்லு பாப்போம்!"

வாயைத் திறந்தாள். சூர்யாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். "சரின்னு சொன்னீங்க" என்றாள் மறுபடியும். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பொய், அதுவும் முகத்துக்கு நேரே. கையை ஓங்கியது தெரியும். அடித்தது அப்புறம்தான் தெரிந்தது. பதினேழு வயசுப் பிள்ளைய. அடுத்த ஆள் முன்னால. ஷெரின் குறுக்கே வந்து விழுந்தாள்.

சூர்யாதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தான். "விடுங்கண்ணே, சின்னப்புள்ள. நான் டெய்லி அந்தப் பக்கம்தான் போறேன். ஒரு கண்ணு வச்சுக்கிறேன்."

அவனுக்கு நன்றி சொன்னேன்.

15 ஜூலை, செவ்வாய்

இனி நான் கொண்டுபோய் விடுவதில்லை. சைக்கிளில் போகட்டும், வரட்டும். போய்ச் சேர்ந்ததும் ட்யூஷன் சார் எனக்கு மெசேஜ் போடுவார். அப்படி ஏற்பாடு.

"வேணாங்க, பிள்ள முகமே சரியில்ல" என்றாள் ஷெரின். பொய் சொன்னவள் முகம் எப்படி இருக்கும்?

17 ஜூலை, வியாழன்

நான்கு நாளாக ஜெனிஷா பேசவில்லை. சாப்பாடும் பாதிதான். மொட்டைமாடியில் துணி காயப்போட அவளைப் போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறாளாம். இப்போது அதற்குமா அடம்?

19 ஜூலை, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஆறு மணிக்கு பாயின் ஒர்க்‌ஷாப் போனேன். வலது சைலன்சர் டூப்ளிகேட், மாற்றிக் கொடுங்கள் என்று சண்டைக்கே தயாராகத்தான் போனேன். பாய் ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார். குனிந்து இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான சார் அடிக்குது?"

"வலதுல வரவே இல்ல பாய்."

அவர் வாதாடவில்லை. இரண்டையும் கழற்றினார். இடதில் இருந்ததை வலதில், வலதில் இருந்ததை இடதில் மாட்டினார். அரை மணி நேரம் ஆனது. "இப்பக் கேளுங்க. குறை சைலன்சர்ல இருந்தா, இப்ப இடது பக்கம் அடங்கணும்."

ஸ்டார்ட் செய்தார். நான் வண்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். இடது பக்கம் இடி. வலது பக்கம் போர்வை.

"அப்பவும் வலதுதான் பாய்" என்றேன்.

பாய் வண்டியை அணைத்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். சுவரில் காலண்டர் மாட்டியிருந்தது, அதையே பார்த்தபடி நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எதற்கு நிற்க வைத்தார் என்று திரும்பினால், என் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முழத்தில் நிற்கிறார்.

"மூணு தடவ கூப்புட்டேன் சார்" என்றார். "சாவி கீழ கெடக்கு, எடுங்கன்னேன்."

குனிந்து பார்த்தேன், சாவி கிடந்தது.

"சைலன்சர்ல ஒண்ணும் இல்ல சார். டாக்டரப் பாருங்க. இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் இருக்காது."

என் காது என்பது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அதற்கடுத்த நிமிடம் ஜெனிஷா. வலது தோள். பை இடது பக்கம், சாய்வது வலது பக்கம். மூணு தடவ சொன்னேன்ப்பா. சொல்லியிருக்கா. பிள்ள சொல்லியிருக்கா. நான் சரின்னு சொல்லியிருக்கேன். எதுக்குச் சரின்னேன்?

கே.கே. நகருக்கு வண்டியை விரட்டினேன். ஏழு தாண்டிப் பத்து நிமிடம். ட்யூஷன் இருக்கும் தெருவில் திரும்பியபோது ஜெனிஷா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பூட்டிய கடை முன்னால் தனியாக நின்றாள். தெருவில் வேறு யாரும் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன். "ஜெனி, எனக்கு வலது காது கேக்கலம்மா. இப்பத்தான் தெரிஞ்சுச்சு. நீ வண்டியில சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல. இப்பச் சொல்லு."

என் இடது பக்கம் போய் நின்றேன் - இல்லை, அவளை என் இடது பக்கம் நிறுத்தினேன். என்னவோ செய்தேன்.

அவள் நம்பவில்லை. என் வலது காதைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "இப்பவும் இங்கதாம்ப்பா நின்னான். நீங்க மெயின் ரோட்டுல வாரப்பவே சத்தம் கேட்டுருச்சு. எப்பவும் அப்படித்தான். உங்க வண்டி கேட்டதும் போயிருவான்."

"யாரும்மா?"

"சூர்யா அங்கிள்."

20 ஜூலை, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலை முழுதும் மூன்று பேரும் அடுக்களையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலைச் சாத்திவிட்டு.

ஜூன் மாதத்திலிருந்து. முதலில் ட்யூஷன் வாசலில் தற்செயலாகப் பார்ப்பது போல நின்றிருக்கிறான். பிறகு தினமும். அவன் மாடியிலிருந்து எங்கள் மொட்டைமாடி தெரியும். துணி காயப்போடும்போது, தலை காயவைக்கும்போது என்று நிறைய போட்டோ எடுத்திருக்கிறான். அவளிடமே காட்டியிருக்கிறான். கம்ப்யூட்டரில் இதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், உன் ஸ்கூலுக்கே அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம் என்று.

முதல் தடவை வண்டியில் சொன்னாள்: சூர்யா அங்கிள் வாசல்ல நிக்கிறார், எனக்குப் பிடிக்கல. நான் சரிம்மா என்றேன். இரண்டாவது தடவை: என் போட்டோ அவர் போன்ல இருக்குப்பா. சரி சரி என்றேன். மூன்றாவது தடவை: நான் ட்யூஷன் போகல, லைப்ரரியில ஆள் நிறைய இருப்பாங்க, அங்க உக்காந்துக்கிறேன். அதற்கும்.

"வீட்டுல ஏன் சொல்லல, அம்மாகிட்ட ஏன் சொல்லல?" என்று ஷெரின் அழுதாள்.

"அப்பாவே சரின்னுட்டாரு. அப்புறம் யாருகிட்டச் சொல்ல? அவன் அதத்தான் சொன்னான். உங்கப்பாகிட்டச் சொல்லிப் பாரு, அவருக்குக் கேக்காதுன்னான். நீங்க என் பேச்சக் கேக்க மாட்டீங்கன்னு சொல்றான்னு நெனச்சேன்."

திருவாதவூர் ரோட்டில் என்னைச் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தானே, என் வலது காதில் பேசிப் பார்த்திருக்கிறான். எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவனே ஸ்பேனரோடு வந்து குழாயைக் கழற்றினான். பெருமைக்கு என்று நினைத்தேன். நான் எங்கே வருகிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நேராகப் போய்க் கழுத்தைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். ஷெரின் வாசலை மறித்து நின்றாள். "போனா இல்லன்னு சொல்லுவான். போட்டோவ அழிச்சிருவான். அவன் கையில போன் இருக்கிறப்பப் புடிக்கணும்."

அவள் சொன்னது சரி.

21 ஜூலை, திங்கள்

பரணிலிருந்த கம்பெனி சைலன்சர் இரண்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு லீவ் சொல்லிவிட்டு பாயிடம் போனேன். பழையபடி மாட்டச் சொன்னேன்.

"எதுக்கு சார் திரும்ப?"

"சத்தமில்லாமப் போக வேண்டியிருக்கு பாய்."

என் முகத்தைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். மாட்டி முடித்தபின், நட்டு எங்காவது தட்டுகிறதா என்று இரண்டு முறை குனிந்து கேட்டார். எனக்காகவும் சேர்த்து.

22 ஜூலை, செவ்வாய்

நேற்று மாலை.

ஜெனிஷா வழக்கம்போல சைக்கிளில் போனாள். அவளேதான் போகிறேன் என்றாள். ஷெரின் ட்யூஷன் வீட்டுக்குள் ஐந்து மணியிலிருந்தே உட்கார்ந்திருந்தாள், சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு. நான் பக்கத்துத் தெரு கிளினிக் வாசலில் நோயாளிகளின் வண்டிகளுக்கு நடுவில் நின்றேன். ஏழு மணிக்கு ஷெரினிடமிருந்து மெசேஜ்: வந்துட்டான்.

திரும்பும் வரை முதல் கியர். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் உருள விட்டேன். அந்தப் பூட்டிய கடைதான். ஒரு கையால் அவள் சைக்கிள் கேரியரைப் பிடித்திருந்தான். மறு கையில் போன், அவள் முகத்துக்கு நேரே. அவன் முதுகு எனக்கு. இரண்டு அடி தூரம் வரும் வரை அவன் திரும்பவில்லை. திரும்பியதும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியின் சைலன்சரைத்தான் பார்த்தான்.

போனைப் பிடுங்கினேன். திரை திறந்தே இருந்தது. எங்கள் மொட்டைமாடி. எங்கள் கொடிக்கயிறு. என் பிள்ளை.

"அண்ணே, பாப்பா சைக்கிள் செயின் கழண்டு..." என்று ஆரம்பித்தான். அதற்குள் ஷெரினும் சாரும் ஓடி வந்தார்கள். அவன் நகர்ந்து என் வலது பக்கம் வந்தான். என் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. ஜெனிஷாவுக்கும் கேட்டது, ஷெரினுக்கும் கேட்டது. ஷெரின் செருப்பைக் கழற்றி அடித்தாள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஜெனிஷா தன் கையாலேயே புகார் எழுதினாள். மூன்று பக்கம். அதில்தான் படித்தேன், அவன் என் காதில் சொன்னதை. 'உன் பொண்ணு உன்கிட்டச் சொன்னதப் பின்னாடியே வந்து பாத்துட்டுத்தான் இருந்தேன், செவிடா.'

பின்னாடியே வந்திருக்கிறான். வலது பக்கம்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஸ்கேன் ரிசல்ட். கேட்கிற நரம்பில் கட்டி. புற்று இல்லை என்றார் காது டாக்டரம்மா. ஆனால் எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு, மூளைத்தண்டை நெருங்கிவிட்டது, விட்டுவைக்க முடியாது. எடுத்தால் வலது காது போனதுதான், திரும்பாது. வாய் ஒரு பக்கம் கோணலாம், நடை தடுமாறலாம். ஆபரேஷன் ஆகும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். சைலன்சர் சரியில்லை என்று நினைத்திருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

அவன் போனில் இன்னும் நான்கு பெண்பிள்ளைகள் இருந்தார்களாம். இரண்டு பேர் எங்கள் தெரு.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நாளை அட்மிஷன். புதன்கிழமை ஆபரேஷன். ஃபாதர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார்.

ஜெனிஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையாவது முறையோ. "அடிச்சது வலிக்கலப்பா" என்றாள். "அவன் முன்னாடி அடிச்சீங்கள்ல, அதுதான்." எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னது முழுக்க நியாயம்.

இந்தப் பக்கத்துக்கு அப்புறம் பக்கம் உண்டா என்று தெரியாமல் எழுதுவது ஒரு மாதிரி இருக்கிறது.

12 அக்டோபர், ஞாயிறு

பேனா பிடிக்க வருகிறது. வலது கண் முழுதாக மூடுவதில்லை. காபி ஒரு பக்கமாக வழிகிறது. கையில் கைக்குட்டை. வலது பக்கம் உலகமே இல்லை, ஒரு சுவர்.

வண்டியை பாயிடம் விட்டிருக்கிறேன். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைக்கிறார்.

7 நவம்பர், வெள்ளி

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வரக்கூடாது, பிள்ளைகள் பக்கமே போகக்கூடாது என்று நிபந்தனை. வீட்டுக்காரர் அவன் சாமான்களை எப்போதோ வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். இருந்தாலும் ஷெரின் மொட்டைமாடியில் மூன்று பக்கமும் தகரம் அடிக்கச் சொல்லியிருக்கிறாள்.

மதுரை எம்புட்டுப் பெரிய ஊர். எம்புட்டுச் சின்ன ஊர்.

23 நவம்பர், ஞாயிறு

மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜெனிஷா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடி ஏதோ சொன்னாள். என் வலது பக்கம். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, பேசுகிறாள் என்பது மட்டும் ஏதோ விதத்தில் தெரிந்தது.

"ம். சரிம்மா" என்றேன்.

பெட்டி மூடிய அதிர்வு. சுற்றிக்கொண்டு வந்து என் இடது பக்கம் நின்றாள்.

"என்ன சரி?"

இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன்.

"நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க."

"கேக்கலம்மா."

"அப்பக் கேக்கலைன்னு சொல்லணும்."

"கேக்கல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னாள். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. "நாளையில இருந்து பழைய ட்யூஷனுக்கே போறேன். சைக்கிள்ல. தனியா. அதத்தான் சொன்னேன்."

வெங்காயத்தைக் கீழே வைத்தேன். வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. சரி என்ற சொல்லும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை.

"எத்தன மணிக்கும்மா? எந்த ரோடு வழியா?" என்று கேட்டேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.